காது கேளாத பிள்ளைகளுக்கு இணையவழி ஓவிய வகுப்பு: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காது கேளாத பிள்ளைகளுக்கு இணையம் வழியாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது தொடங்கிய வேலை. பள்ளிகள் திறந்த பிறகும் இது நிற்கவில்லை, ஏனென்றால் சைகை மொழி தெரிந்த ஓவிய ஆசிரியர் பக்கத்து ஊரில்கூட இல்லாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். பெற்றோரும், ஏற்கெனவே இணைய வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் ஓவிய ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காது கேட்காத பிள்ளைக்குக் கண் கூர்மையாக இருக்கும், ஓவியம் தானாகவே வந்துவிடும் என்கிறார்களே?

வராது. ஓரப்பார்வையில் நடக்கும் அசைவைக் கவனிப்பதில் காது கேளாதவர்கள் தேர்ந்தவர்கள் என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் ஒரு குவளையின் வாயைத் தட்டையான நீள்வட்டமாகப் பார்த்து வரைவது வேறு திறமை. அதை எல்லாப் பிள்ளையும் கற்றுத்தான் ஆகவேண்டும்.

இந்த நம்பிக்கையால் கெடுதல் நடக்கிறது. வகுப்பில் பாடம் புரியாத பிள்ளையிடம் ஒரு நோட்டையும் கலர் பென்சிலையும் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது காலண்டர் படத்தைப் பார்த்து அப்படியே வரைகிறது. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளை காலண்டர் படத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கும். அதனிடம் படத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

சதீஷ் குஜ்ரால் எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்தவர். அவர் தானாக ஓவியராகிவிடவில்லை. லாகூரின் மேயோ கலைப்பள்ளியிலும் பிறகு பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் படித்தார். 1952-இல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ போய், தியேகோ ரிவேரா, சிக்கேரோஸ் ஆகியோரிடம் சுவரோவியம் கற்றார். ஓவியம், சிற்பம் இரண்டோடும் நிற்காமல் டெல்லியில் உள்ள பெல்ஜியத் தூதரகக் கட்டடத்தையும் வடிவமைத்தார். 1999-இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். உங்கள் பிள்ளைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

யூடியூபில் ஓவிய வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றனவே, அதைப் பார்த்து வரைந்தால் போதாதா?

கையசைவைப் பார்த்துக் கற்க முடிகிற அளவுக்குப் போதும். அதற்கு மேல் போதாது. அந்த வீடியோக்களில் முக்கியமான பாதி பேச்சில்தான் இருக்கிறது. "இங்கே தண்ணீர் கொஞ்சம் காயட்டும், அதற்குப் பிறகு அடுத்த பூச்சு" என்று வாய் சொல்லும்; திரையில் கை சும்மா நிற்கும். காது கேளாத பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. ஈரத்தின் மேலேயே பூசும், கலங்கிப்போகும், தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

காது கேட்கும் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் வகுப்பிலேயே ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடலாமா?

ஓவிய ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆனால் அவரைச் சேர்ப்பதோடு வேலை முடியாது. வகுப்பின் அமைப்பே மாறவேண்டும்.

நீங்கள் வரைந்துகொண்டே பேசுகிறீர்கள். காது கேட்கும் பிள்ளை கண்ணைத் தாளிலும் காதை உங்களிடமும் வைத்துக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்த்தால் உங்கள் கோடு போய்விடும்; கோட்டைப் பார்த்தால் பேச்சு போய்விடும். தன் தாளைக் குனிந்து பார்த்தால் இரண்டுமே போய்விடும். சொல்லும் நேரம், காட்டும் நேரம், பிள்ளை வரையும் நேரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட முக்கியமானது இதுதான்.

பித்தளைச் சொம்பு வரையும் பாடம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் தாள், பென்சில் எல்லாவற்றையும் கீழே வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சொம்பைக் கையில் எடுத்துக்கொள்ளும். சொம்பின் வாயைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் அது ஒரு கோடாகத் தெரியும். கொஞ்சம் இறக்கினால் ஒல்லியான நீள்வட்டம், இன்னும் இறக்கினால் பருத்த நீள்வட்டம். தூக்கி இறக்கி, தூக்கி இறக்கிப் பார்ப்பார்கள். அப்போது நான் எதுவும் சைகை செய்யமாட்டேன். பார்த்து முடித்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். அதற்குப் பிறகுதான் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குக் கீழே நான் ஒரு நீள்வட்டம் போடுவேன். அந்த நேரத்திலும் யாரும் சைகை செய்வதில்லை. கடைசியில் அவர்கள் வரைவார்கள். வரையும்போது ஏதாவது சொல்லித் தொந்தரவு செய்யமாட்டேன். தலை நிமிரும் வரை காத்திருப்பேன்.

இன்னொன்று: இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை விரலால் காட்ட இரண்டு கையும் வேண்டும். கையில் தூரிகை இருந்தால் எழுத்துகள் பாதியில் நிற்கும். சொல்ல வேண்டியது வந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படி நடத்தினால் 45 நிமிடப் பாடம் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அரை மணிக்கு ஒருமுறை கட்டாயம் இடைவேளை விடுங்கள். மொழியையும் ஓவியத்தையும் ஒரே கண்ணால் வாங்குகிற பிள்ளைக்குச் சீக்கிரம் களைத்துவிடும்.

வீட்டில் என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

ஒரு ஸ்மார்ட்ஃபோன் போதும். இரண்டு இருந்தால் நல்லது: ஒன்று வகுப்பைப் பார்க்க, இன்னொன்று பிள்ளையின் தாளைக் காட்ட. தாளைக் காட்டும் ஃபோனுக்கு ஸ்டாண்ட் வாங்க வேண்டியதில்லை. மேசை மேல் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் அடிக்கோல் இரண்டைப் பாலமாக வைத்து, அதன் மேல் ஃபோனைக் குப்புற வைத்துவிடலாம். ஃபோன் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வைத்தால் எனக்குப் படம் தலைகீழாகத் தெரியும்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரவேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகமும் கையும் கருத்துப்போகும். சைகை மொழியில் முகபாவமும் இலக்கணத்தின் பகுதி. கேள்வியா, மறுப்பா என்பது புருவத்திலும் தலையசைவிலும்தான் தெரியும். தலையிலிருந்து இடுப்பு வரையும், பக்கவாட்டில் முழங்கை விரியும் அளவுக்கும் திரையில் இடம் இருக்கட்டும். பூப்போட்ட சட்டை வேண்டாம், கையின் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும் ஒற்றை நிறச் சட்டை போதும். ஆசிரியருக்கும் இதேதான்.

இணைய வேகம் குறைந்தால் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அசைவு தடைப்படக்கூடாது. சைகை புரிய வினாடிக்கு 20 முதல் 25 படச்சட்டங்களாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் விரல்கள் தாவித் தாவித் தெரியும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம், தாவினால் முடியாது.

சூம் வகுப்பில் ஆசிரியர் திடீர் திடீரென்று திரையிலிருந்து மறைந்துபோகிறார் என்கிறாள் மகள். ஏன்?

யார் பக்கம் சத்தம் வருகிறதோ அவரைத்தான் அந்தச் செயலி பெரிதாகக் காட்டும். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் அந்த வீடு திரை முழுக்க வந்துவிடும். சைகையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் சத்தம் எழுப்பாததால் சிறு கட்டத்துக்குள் போய்விடுவார். எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு, எல்லோர் திரையிலும் ஆசிரியரே பெரிதாக நிற்கும்படி அவரை ஸ்பாட்லைட் செய்யுங்கள். பிள்ளையும் தன் திரையில் மட்டும் ஆசிரியர் பெரிதாக நிற்கும்படி 'பின்' (Pin) செய்துகொள்ளலாம். சூமின் கட்டணக் கணக்குகளில் 2022 முதல் சைகை மொழிபெயர்ப்பாளருக்கென்றே தனிச் சன்னல் வைக்கும் வசதியும் இருக்கிறது.

ஆசிரியர் இடது பக்கம் என்று காட்டியதைப் பிள்ளை வலது பக்கத்தில் வரைகிறது. கவனக்குறைவா?

இல்லை. சைகை மொழியில் பொருள்களின் இடத்தைச் சைகை செய்பவர் தன் பார்வையிலிருந்து காட்டுவார். பார்ப்பவர் அதை மனத்துக்குள் திருப்பிக்கொள்ள வேண்டும். திரையில் இன்னொரு குழப்பம் சேர்கிறது: செயலி நம் முகத்தை நமக்குக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும், மற்றவர்களுக்கு நேராகக் காட்டும். விளக்கு இடப்பக்கம், கிண்ணம் வலப்பக்கம் என்று வைத்து வரையும் பாடத்தில் நான் சைகையால் இடத்தைச் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வட்டம் போட்டு மேல் கேமராவில் காட்டிவிடுவேன். பிள்ளையைத் திட்டாதீர்கள்.

எங்கள் மகனுக்குச் செவித்துணைக் கருவி இருக்கிறது. அவனுக்கு இதெல்லாம் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். கருவியோ, அறுவைசிகிச்சையில் உள்காதில் பொருத்தும் காக்ளியர் உள்வைப்போ இருந்தாலும், மலிவான ஃபோனின் ஒலிபெருக்கியில் வரும் பேச்சைப் பிரித்துக் கேட்பது பெரும்பாடு. கேட்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிட்டால் வரைவதற்கு மிச்சம் இருக்காது. கருவியில் ப்ளூடூத் இணைப்பு இருந்தால் ஒலியை நேராகக் கருவிக்கே அனுப்புங்கள். ஆசிரியரின் வாய் எப்போதும் தெரியட்டும்.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கூகுளின் செயலி தமிழிலும் வேலை செய்கிறது. நன்றாக வாசிக்கிற பெரிய பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். ஓவியக் கலைச்சொற்களில் தடுமாறும் என்பதால் அன்றைய சொற்களை முன்கூட்டியே ஒரு பட்டியலாக அனுப்பிவிடுங்கள். சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்ட சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி. அவர்களுக்கு வசனவரியை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது.

ஓவியத்தில் வரும் சொற்களுக்கெல்லாம் சைகை இருக்கிறதா?

பலவற்றுக்கு இருக்கிறது. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உண்டு, எல்லாம் காணொளியாகவே இருக்கின்றன. பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழியில் தர அந்த மையமும், தேசிய அளவில் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யும் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சியான பி.எம். இ-வித்யாவின் 31-ஆவது அலைவரிசை சைகை மொழிக்கென்றே தொடங்கப்பட்டது.

அகராதியில் கிடைக்காத சொல்லுக்கு வகுப்பே ஒரு சைகையை முடிவுசெய்து, ஒரு பிள்ளை அதைச் செய்துகாட்டும் சிறு வீடியோவை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் வைத்துக்கொள்கிறோம். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஒரே நிறத்துக்கு வேறு வேறு சைகை காட்டுவதும் உண்டு. அதைத் தவறு என்று திருத்தமாட்டேன்; இரண்டையும் எல்லோரும் கற்றுக்கொள்வோம்.

ஓவியம் கற்பிக்கச் சைகை மொழி எவ்வளவு தோதானது என்பதைக் காது கேட்கும் ஆசிரியர்கள் கொஞ்சம் பழகினால் தாங்களே பார்ப்பார்கள். சாலை தூரத்தில் குறுகுவதைப் பேச்சில் விளக்க நாலு வாக்கியம் தேவை. இரண்டு உள்ளங்கைகளை அகலமாக வைத்து, முன்னால் நகர்த்திக்கொண்டே நெருக்கினால் பிள்ளைக்கு அந்தச் சாலை அங்கேயே தெரிந்துவிடும். அளவு, வளைவு, மேல் கீழ், முன் பின் எல்லாம் அந்த மொழியில் ஏற்கெனவே இடமாகவே இருக்கின்றன.

படத்தைத் தூரத்திலிருந்து எப்படித் திருத்துகிறீர்கள்?

பிள்ளை படத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து ஃபோட்டோ எடுத்து அனுப்பும். குண்டு பல்பின் கீழ் எடுத்தால் மஞ்சள் ஏறி நீலம் பச்சையாகத் தெரியும். நிறத்தைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவிடக்கூடும். வந்த படத்தின் மேல் ஃபோனிலேயே கோடு போட்டு, கூடவே சைகையில் பேசி இரண்டு நிமிட வீடியோ அனுப்புவேன். அதை அந்தப் பிள்ளை நிறுத்தி நிறுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நேர் வகுப்பைவிட இணைய வகுப்பு மேலாக இருப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

எல்லாவற்றையும்விடக் கேள்வி கேட்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். "ஏன் வானத்தை இவ்வளவு பெரிதாக விட்டாய்?" என்று கேட்டால், புதிதாக வரும் பிள்ளைகள் பலர் உடனே வானத்தை அழிக்கப் போவார்கள். கேள்வி கேட்டாலே தப்பு என்று பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. வீட்டில் சைகை மொழி இல்லாவிட்டால் "சாப்பிடு", "வா", "வேண்டாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஏன் என்ற கேள்வியை அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சில மாதங்களில் இது மாறும். வானம் பெரிது, ஏனென்றால் பட்டம் மேலே போகவேண்டும் என்று ஒரு சிறுமி விளக்கினாள். பட்டத்தை அவள் இன்னும் வரைந்திருக்கவில்லை. அதற்கு இடம் விட்டுவைத்திருந்தாள்.

என் மகன் எப்போதும் கைகளையும் காதுகளையுமே வரைகிறான். மனத்தில் வருத்தமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், அவனிடம் கேளுங்கள். உலகெங்கும் காது கேளாத ஓவியர்கள் இதை வரைந்திருக்கிறார்கள். 1989 மே மாதம் வாஷிங்டனில், காது கேளாதவர்களுக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தில் ஒன்பது கலைஞர்கள் கூடி, காது கேளாதவரின் வாழ்வைக் காட்டும் கலைக்கென்று ஓர் அறிக்கை எழுதினார்கள். பெட்டி மில்லர், சக் பேர்ட் போன்றோர் அதில் இருந்தார்கள். அழுத்தமான, ஒன்றோடொன்று மோதும் நிறங்கள், பெரிதாக்கிய கண், வாய், காது, கை ஆகியவை இந்தக் கலையில் மீண்டும் மீண்டும் வருவதை அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. டீவியா என்ற பெயரில் இது இன்று ஒரு கலை இயக்கம்.

அந்தப் படங்களில் வலியும் உண்டு, கொண்டாட்டமும் உண்டு. உங்கள் மகனுடையது எது என்பதை அவன்தான் சொல்லவேண்டும். என் வகுப்பில் இந்த ஓவியங்களைக் காட்டும் நாளில் பிள்ளைகள் திரைக்கு மிக அருகில் வந்துவிடுவார்கள். கேட்காத ஒருவர் வரைந்தது என்று தெரிந்ததும் "இவருக்கும் சைகையா?" என்று கேட்பார்கள். காலண்டர் படம் ஒருபோதும் அந்தக் கேள்வியை எழுப்பாது.

என்ன செலவாகும்?

தொடங்க அதிகம் ஆகாது: ஹெச்பி, 2பி, 6பி பென்சில்கள், அழிப்பான், வரைதாள், ஒரு போஸ்டர் கலர் பெட்டி. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஐந்தும் இருந்தால் மற்றதைக் கலந்து கற்கலாம். 48 நிறப் பெட்டியை முதல் வருடம் வாங்கித் தராதீர்கள்.

இதைப் படித்தால் சான்றிதழ், பட்டம் ஏதாவது கிடைக்குமா?

தனியார் இணைய வகுப்புச் சான்றிதழை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதற்காகப் பணம் கட்டாதீர்கள். இவற்றைப் பாருங்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்., பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டிலும் ஓவியத்தை ஒரு பாடமாக வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே படித்து மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புக்குக் குறைந்த வயது 14. 2021 முதல் இந்திய சைகை மொழியையே அங்கே மொழிப்பாடமாக எடுக்க முடிகிறது. சைகை மொழி, ஓவியம் இரண்டையும் சேர்த்து எடுக்கும் பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்ததில் மதிப்பெண் வாங்கும் வாய்ப்பு முதல்முறையாகக் கிடைக்கிறது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

தமிழ்நாட்டின் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என இரண்டு நிலைகள் உண்டு. தனித்தேர்வராகவே எழுதலாம்.

பட்டம் என்றால், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் தேசியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே நுண்கலை இளங்கலைப் படிப்பு நடத்துகிறது. சைகை மொழியில் கற்பிக்கிறார்கள். தொலைநிலைப் படிப்பு அல்ல, அங்கே போய்த் தங்க வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளிலும் விண்ணப்பிக்கலாம். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீடும், வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் கிடைக்கும். இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை வேண்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

முழுக்க இணையத்திலேயே கற்றுவிடலாமா?

முடியாது. களிமண்ணின் ஈரப்பதத்தைத் திரையில் சொல்லித்தர இயலாது. மரத்தில் செதுக்கி அச்செடுப்பதற்கும் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். வருடத்தில் சில நாளாவது பிள்ளைகள் ஒன்றாகச் சேரட்டும். சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளையும், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் உருவாக்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்தையும் காட்டுங்கள். அதுவரை திரையில் மட்டுமே பார்த்துக்கொண்ட பிள்ளைகள் நேரில் சந்திக்கும்போது பேசி முடிக்கவே மாட்டார்கள். பேருந்துக்கு நேரமாகிவிடும், அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மகளுக்கு வகுப்பு நடக்கும்போது நான் பக்கத்தில் உட்காரலாமா?

தாராளமாக. ஆனால் அவள் சார்பில் பதில் சொல்லாதீர்கள், அவள் கோட்டைத் திருத்தாதீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுங்கள், அல்லது மேசையை மெதுவாகத் தட்டுங்கள், அதிர்வு தெரியும். அன்றைக்கு வகுப்பில் வந்த சைகைகளில் நாலைந்தை அவளிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, அந்தச் சைகைகளை வைத்தே அதைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.